இடது கை

"நரம்ப எடுத்தாச்சு சார், இனிமே வலிக்காது. அப்படியும் வலிச்சா இடது கையத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, தணிகாசலத்தின் கடைவாய்ப் பல்லுக்குள் ஊசிக்குழலை இறக்கினார் டாக்டரம்மா. மருந்துத் தண்ணீர் வேருக்குள் ஓடியது. சலவைத் துணியின் வாசனை அடித்தது. தண்ணீர் தாடையோடு நிற்காமல், அவருக்கே தெரியாத படிகளில் இறங்கி, கீழே ஓர் அறைக்குள் பரவியது. அங்கே அவர் மனைவி சுலோசனா உட்கார்ந்து கிராம்பு நசுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சாகும்வரை அவர் பல்வலிக்கு அவள்தான் கிராம்பு வைத்துவிடுவாள். தண்ணீர் அவள் மெட்டியைத் தொட்டது. புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டாளே தவிர, அவள் எழுந்திருக்கவில்லை. "இன்னும் வலிக்குதாங்க?" என்று கேட்டாள். வாய் அவ்வளவு அகலமாகத் திறந்திருந்தும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

"தண்ணி தெளிஞ்சு வருது" என்றது மேலேயிருந்து டாக்டரம்மாவின் குரல். "இன்னும் ஒரே ஒரு தடவ கழுவிட்டு அடைச்சிடலாம்."

தணிகாசலம் இடது கையைத் தூக்கினார்.

டாக்டரம்மா சட்டென்று ஊசிக்குழலை வெளியே எடுத்தார். "வலிக்குதா சார்? வலிக்கக் கூடாதே!"

இல்லையென்று தலையசைத்தார். கையை மட்டும் இறக்கவில்லை.