வஜீஹாவிடம் மட்டும்

சுந்தரவல்லி ஜன்னல் வழியே மறுபடியும் பார்த்தாள். வராந்தாவில் இசக்கிமுத்து அரைமணி நேரமாக வஜீஹாவோடு மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார். தன்னிடம் மட்டும் எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல"தான். அவளுக்கு வயிறு எரிந்தது.

அவர் கிளம்பியதும் வஜீஹாவை உள்ளே கூப்பிட்டாள்.

"அவரோட அப்படி என்ன பேச்சு?"

"அவரு கஷ்டத்தைச் சொன்னாரும்மா."

"அஞ்சு வருஷமா அவர் உடம்பைப் பாத்துக்கறவ நான். எங்கிட்ட சொல்லாததை உங்கிட்ட சொல்வாரா?"

"மாத்திரை போட்டா வேலை பாக்கற துணிக்கடையில நிக்க முடியலியாம், தலை சுத்துதாம். ஒரு மாசமா போடறதே இல்லியாம். உங்களாண்ட சொல்ல பயப்படறாரு."

"என்ன பயம்?"

"போன தபா ஒரு நாள் வுட்டதுக்கே திட்டினீங்களே, டாக்டரம்மா. நான் நர்ஸுதானே, என்னாண்ட பயமில்ல."

சுந்தரவல்லிக்குப் பகீரென்றது. ரத்த அழுத்தம் இறங்கவில்லையே என்று சற்று முன்புதான் அதே மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக எழுதிக் கொடுத்திருந்தாள்.

"பஸ் ஏறறதுக்குள்ள அவரைக் கூட்டிட்டு வா" என்றவள், தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வந்து நீயும் இங்க உக்காரு, வஜீஹா. நீ கேளு, நான் எழுதறேன்."