கட்டிலின் வலப்பக்கம்

"கையை எடுய்யா. வயித்தைத் தொடுற லட்சணமா இது?"

பேராசிரியர் ஹிரேமட் போட்ட சத்தத்தில் மாணவன் சங்கமேஷ் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். கட்டிலில் கிடந்த பசப்பா, திட்டு யாருக்கு என்று தெரியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் நிக்கிற?"

"பேஷண்டுக்கு இடப்பக்கம் சார்."

"எந்தக் கை?"

"இடது கை சார்."

"ரொட்டி பிய்க்கிறது?"

"வலது கை சார்."

டாக்டர் என்றால் நோயாளியின் வலப்பக்கம் நின்று வலது கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வார்டுக்குள் வரும் முன்பே மண்டையில் ஏறியிருக்க வேண்டிய பாடம் அது. இங்கே வரிசையாக வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் இடப்பக்கம் போய் நின்று இடது கையை நீட்டினால், ஹிரேமட்டுக்கு ரத்தம் கொதிக்காதா?

"எங்க படிச்சீங்க இந்தக் கண்றாவியை?"

"காலேஜ் வீடியோல சார். அதுல வந்து..."

"போதும். வாயை மூடு."

வீடியோ. அந்த வார்த்தையே அவருக்கு ஆகாது. பாதிப் பாடம் போனில், மீதிப் பாடம் வார்டில் என்று கல்லூரி இந்த வருடம் ஆரம்பித்த கூத்து அது. இவரையும் விடவில்லை. தன் அறைக் கட்டிலில் ஒரு ஆளைப் படுக்க வைத்து, ரொட்டி டப்பாவில் போனைச் சாய்த்து, திரையில் தன் வகிடு சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே எதையோ பேசி அனுப்பித் தொலைத்திருந்தார். அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலை வைக்கவில்லை.

மற்ற வீடியோக்களையெல்லாம் ஆசை ஆசையாக எடுத்தவள் உதவிப் பேராசிரியை ரோஹிணி. அவள் இடது கைக்காரி. ஹிரேமட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அந்த அம்மாவைக் கூப்பிடு."

ரோஹிணி வந்தாள். இந்த மாதம் அவள் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு ஹிரேமட் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும்.

"உன் கை கோணல்னா அதை உன்னோட வெச்சுக்கம்மா. என் பிள்ளைங்களை ஏன் கெடுக்கிற?"

"சார், பேஷண்டைத் தொடும்போது நானும் வலது கையாலதான்..."

"பேசாத. படம் காட்டியே டாக்டர் ஆக்கிடலாம்னு நெனச்சியா? நீ சினிமா எடுக்கப் போயிருக்கலாம்." மாணவர்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்குங்க. இதைச் சொல்லிக்கொடுத்தது யாரா இருந்தாலும் சரி, இனிமே இந்த வார்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. இந்த நிமிஷமே வெளிய போகணும்."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரோஹிணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவள் நகரவில்லை.

"சங்கமேஷ், அந்த வீடியோவை சார்கிட்ட காட்டுப்பா."

அவன் போனை நீட்டினான். எடுத்தது முன்பக்கக் கேமரா. முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றி வைத்திருந்தது. வாட்ச் வலது கையில் இருந்தது, சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. கட்டிலின் இடப்பக்கம் நின்று, இடது கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு, வகிடு கலையாமல் பேசிக்கொண்டிருந்தார் ஹிரேமட்.

ஹிரேமட் தன் இடது கையிலிருந்த வாட்சைப் பார்த்தார். பிறகு மறுபடியும் போனைப் பார்த்தார். பசப்பாகூடத் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

ரோஹிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"வாசல் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கு சார்."