ஏழாவது கையெழுத்து

“கூவளங்குளத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் பகவதியப்பனே, பதில் சொல்.”

இந்தத் தலைப்பில் ஆயிரம் நோட்டீஸ் அச்சடித்து, குளத்துக் கூட்டம் நடக்கிற மண்டபத்தின் வாசலில் நின்று தானே கொடுத்துக்கொண்டிருந்தார் இஸ்ரவேல். விவசாயிகள் சங்கத் தலைவர். ஏழு முறை ஜெயிலுக்குப் போனவர்.

இரணியலுக்குப் பக்கத்தில் நூறு ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற குளம் அது. தூர்ந்துபோய்ப் பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை. சீரமைக்க அரசு பாதிப் பணம் தருகிறது. மீதியைத் தருவது ஒரு பெயிண்ட் கம்பெனி. இரண்டையும் சேர்த்துச் செலவு செய்ய ஓர் அறக்கட்டளை. அதன் பத்திரத்தைத் தயாரித்தவர் பகவதியப்பன், பொதுப்பணித்துறையில் ஓய்வுபெற்ற பொறியாளர்.

“ஏழு பேரு குழு. அரசாங்கம் மூணு, கம்பெனி மூணு, விவசாயி ஒண்ணு. ஆறு பேரு கை தூக்குனா குளத்து மண்ணு லாரி ஏறி மாநில அதிர்த்தி தாண்டிரும். நம்ம ஆளு எதுக்கு, டீ குடிக்கதுக்கா?” என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார்.

குளத்தை நம்பி மூன்று ஏக்கர் நெல் போடுகிற செல்லக்கனி நோட்டீஸை வாங்கிக்கொண்டாள். “பத்திரத்தை முழுசும் வாசிச்சீராண்ணே?”

“முதல் பக்கம் வாசிச்சேன். போதும். நாம அடிச்ச நோட்டீஸெல்லாம் ஒரு பக்கந்தானே மக்கா?”

“அது சரி. உள்ள வாரும்.”

“நீ போ. நான் இந்தப் படி ஏற மாட்டேன்.”

அவர் ஏற மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். இருபத்தேழு வருடத்துக்கு முன் குளத்தின் கிழக்கு மூலையை மண் போட்டு நிரப்பிக் கட்டிய கல்யாண மண்டபம் அது. தங்கச்சி மகள் கல்யாணத்துக்கே வாசலில் நின்று வாழ்த்திவிட்டுத் திரும்பியவர்.

அப்போது இங்கே உதவிப் பொறியாளராக இருந்தவர் இதே பகவதியப்பன்தான். நிரப்ப அனுமதி கேட்ட ஃபைல் அவர் மேசையில் இருக்கிறது என்று தெரிந்ததும், மடைப்பக்கத்து ஷட்டர் அறையில் அவரை வைத்துப் பூட்டினார் இஸ்ரவேல். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளியே இருநூறு பேர் கோஷம். மறுவாரம் அவருக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல். அன்றைக்குச் சங்கம் வெடி போட்டுக் கொண்டாடியது. பிறகு மூலை நிரம்பத்தான் செய்தது. ஆனாலும், “லஞ்சக்காரனை ஊரைவிட்டுத் துரத்தினோம்” என்று மேடைதோறும் இஸ்ரவேல் சொல்லாமல் இருந்ததில்லை.

உள்ளே வக்கீல் ஜாஸ்மி பத்திரத்தை வாசிக்கத் தொடங்கினாள். வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. இஸ்ரவேல் எதிர்க்கேள்வி கேட்கக் காத்திருந்தார்.

பதினோராவது ஷரத்து வந்தது.

“பணம் தருவதால் கம்பெனிக்குக் குளத்தில் எந்த உரிமையும் வராது. ஒரு கூடை மண் வெளியே போக வேண்டுமானாலும், ஒரு சென்ட் கரையைக் குத்தகைக்கு விட வேண்டுமானாலும், ஏழாவது உறுப்பினரான விவசாயி கையெழுத்துப் போட வேண்டும். மற்ற ஆறு பேரும் ஒருமனதாக முடிவெடுத்தாலும், அவர் மறுத்தால் அது செல்லாது. அவரை நியமிப்பதும் நீக்குவதும் குளத்துப் பாசன விவசாயிகள் மட்டுமே. இந்த ஷரத்தைத் திருத்தவும் அவர் கையெழுத்து வேண்டும்.”

இஸ்ரவேல் நோட்டீஸ் கொடுப்பதை நிறுத்தினார்.

“மக்கா, அத ஒருக்கா கூட வாசி” என்று படிக்குக் கீழே நின்றே சத்தம் போட்டார்.

ஜாஸ்மி மறுபடியும் வாசித்தாள்.

நாற்பது வருடம் மனு கொடுத்தவர், மறியல் செய்தவர், உண்ணாவிரதம் கிடந்தவர். அரசும் பணமும் சேர்ந்து ஒரு பக்கம் நிற்க, வயலில் நிற்கிற ஒருவன் வேண்டாம் என்றால் எல்லாம் நின்றுவிடும் என்று முத்திரைத்தாளில் எழுத முடியும் என்பதை அவர் கனவிலும் நினைத்ததில்லை. எந்த நோட்டீஸிலும் அப்படி ஒன்றைக் கேட்டதுகூட இல்லை.

செருப்பைக் கழற்றினார். கோயிலுக்குள் போகிறவர் மாதிரி மெல்லப் படியேறி உள்ளே வந்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

“கம்பெனி இதுக்கு எப்படி ஒத்துச்சு?” என்று கேட்டார்.

கம்பெனி ஐந்து தடவை அந்த ஷரத்தை வெட்டி அனுப்பியதாம். ஐந்து தடவையும் பகவதியப்பன் அதைத் திரும்ப எழுதினாராம். இது இல்லாவிட்டால் பத்திரமே வேண்டாம் என்று எட்டு மாதம் நின்றாராம். ஜாஸ்மி சொல்லி முடித்ததும், அந்த ஏழாவது ஆளை இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றாள்.

பகவதியப்பன் எழுந்தார். “விவசாயிகளுக்குச் சம்மதம்னா, இஸ்ரவேலை நான் முன்மொழியுகேன்.”

“நல்ல கூத்து. உம்ம ஏசி நோட்டீஸ் அடிச்ச ஆளையா?” என்றாள் செல்லக்கனி.

“கையெழுத்துப் போடுகதுக்கு ஆறு பேரு இருக்கு. போட மாட்டேன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும்லா?”

இஸ்ரவேல் மிச்ச நோட்டீஸ்களை மடித்து வேட்டி மடியில் செருகினார். பகவதியப்பனின் அருகே போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நான் உம்மப் பூட்டி வச்சவன் வேய். மறந்துபோச்சா?”

“மறக்குமா? உள்ளேயிருந்து நானும் சொல்லிக்கிட்டுத்தான் கெடந்தேன். உங்க கோஷத்துல கேக்கல்ல.”

“என்ன சொன்னீரு?”

“அந்த ஃபைலுல கையெழுத்துப் போட மாட்டேன்னு முந்தின நாளே எழுதிக் குடுத்தாச்சுன்னு. அதுக்குத்தான் ராமநாதபுரம். எனக்குப் பொறவு வந்தவரு ஒரே நாளுல போட்டாரு.” பகவதியப்பன் குனிந்து மண்டபத்துத் தரையைப் பார்த்தார். “அந்தக் கையெழுத்து மேலதான் இப்ப நாம நிக்கோம்.”