இன்னொரு டப்பா தண்ணீர்

கரண்ட் போய் மின்விசிறி நின்றது. கஸ்தூரிரங்கன் பேச்சை நிறுத்தவில்லை. தலையை மட்டும் தாழ்த்தினார்.

பின்னால் நின்ற ரத்தினவேல் வாளியிலிருந்து ஒரு மக் தண்ணீர் மொண்டு, அவர் பிடரியில் நிதானமாக ஊற்றினார்.

டில்லி லோதி ரோடு பள்ளிக்கூட ஹாலில் இருநூறு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நன்னா சிரிங்கோ. எனக்குப் பொறந்ததிலேர்ந்தே வேர்வை கிடையாது. லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற வியாதியாம். தண்ணி விடலேன்னா உடம்பு அடுப்பாட்டம் கொதிச்சுடும்."

1982 மே மாதம். வெளியே அனல்காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது.

அந்த வியாதி அவருக்கு மொத்தமே ஐந்து பற்களைத்தான் கொடுத்திருந்தது. கரோல் பாக்கில் படிக்கும்போது அவருக்குப் பெயரே 'போப்லா', பொக்கைவாயன். இடைவேளை மணி அடித்தால் போதும், குழாயடிக்கு இழுத்துப் போவார்கள். ஒருவன் தகர டப்பாவில் தண்ணீர் பிடித்துத் தலையில் கொட்டுவான். மற்றவர்கள் கைதட்டுவார்கள். அழுதுகொண்டே ஈரச் சட்டையோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அவருக்கு ஒன்று உறைத்தது. தண்ணீர் கொட்டிய நாட்களில் மட்டும் மத்தியானக் காய்ச்சல் வருவதில்லை.

மறுநாள் தானே ஓடிப்போய்க் குழாயடியில் உட்கார்ந்தார்.

"இன்னொரு டப்பா விடுடா!"

கேட்டு வாங்கிக்கொள்கிறவனை எப்படி அழவைப்பது? ஒரே வாரத்தில் பையன்களுக்கு அலுத்துவிட்டது. பிறகு தானே மொண்டு ஊற்றிக்கொண்டு படித்தார். இப்போது மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர்.

இந்தக் கதையை அவர் சொல்லி முடித்ததும் ஹால் அதிரக் கைதட்டல்.

முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"அச்சா அங்கிள், அந்த டப்பா பையன் இப்போ எங்க இருக்கான்?"

எல்லாப் பள்ளியிலும் யாராவது கேட்கிற கேள்விதான். அவரிடம் பதிலும் தயாராக இருந்தது. பம்பாய்ப் பக்கம் போய்விட்டான், விலாசம் தெரியாது.

அதைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"நான்தாம்மா அது" என்றார் ரத்தினவேல்.

கஸ்தூரிரங்கன் திரும்பிப் பார்த்தார்.

ஒரே ஆபீசில் பத்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை. மூன்று வருடமாக, கூப்பிடாமலே வாளியோடு கூட வருகிற சிநேகிதர். அந்தக் குழாயடியைப் பற்றி இருவரும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசியதில்லை. டப்பா பிடித்தது தான்தான் என்பது ரத்தினவேலுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்றுதான் கஸ்தூரிரங்கன் நினைத்திருந்தார். எதற்குச் சபையில் காட்டிக்கொடுப்பது என்றுதான் அந்தப் பம்பாய்க் கதை.

பின்னல்காரி விடவில்லை.

"சாரி சொன்னீங்களா?"

"இல்லம்மா. இன்னைக்குச் சொல்லிடலாம்னுதான்" என்று ரத்தினவேல் மக்கைக் கீழே வைத்தார்.

நாற்பது பள்ளிகளில் பம்பாய் என்று சொல்லிவந்த கஸ்தூரிரங்கன், அந்த மக்கை எடுத்து ரத்தினவேல் கையிலேயே திரும்பக் கொடுத்துத் தலையைத் தாழ்த்தினார்.

ஐந்து பல்லும் தெரியச் சிரித்தார்.