பெருவிரல்

கட்டிலோடு கிடந்த மாமியாருக்கு இதய மாத்திரை. ஏதோ ஒரு பூச்செடியின் இலையிலிருந்து எடுப்பார்களாம். மருந்துக்கும் விஷத்துக்கும் மயிரிழைதான் தூரம். அதனால் தினமும் நாடி பார்த்து, அறுபதுக்குக் குறைந்தால் கொடுக்கக் கூடாது. மருமகள் ஆறு மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிழவியின் மணிக்கட்டில் பெருவிரலை அழுத்தி எண்ணிவந்தாள். ஒருநாளும் குறைந்ததில்லை.

அவள் நாடி பார்க்கும் விதத்தைக் கேட்டு நேற்று மருந்துக்கடைக்காரர் சிரித்தார். "பெருவிரலை வெச்சா உங்க நாடியைத்தாம்மா எண்ணுவீங்க. மத்த விரலை வைங்க."

இன்று அப்படியே வைத்தாள். துடிப்பு இல்லை. மறுகையிலும் இல்லை, கழுத்திலும் இல்லை.

"என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கற? மாத்திரையைக் குடு."

"நாடியே இல்லையே, அத்தை!"

"இத்தனை நாளா இருந்துச்சே." கிழவி அவள் பெருவிரலை வெடுக்கென்று இழுத்துத் தன் மணிக்கட்டில் அழுத்திக்கொண்டாள். "எப்பவும்போல எண்ணு."

எண்ணினாள். முதல்முறையாக அறுபதுக்குக் குறைவாக இருந்தது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

"குறைஞ்சிடுச்சா? அப்ப இனிமே மாத்திரையே வேணாம்" என்று சொல்லிவிட்டு மாமியார் கட்டிலைவிட்டு இறங்கி, சமையலறைப் பக்கம் நடந்தாள்.

நிற்க முடியாமல் மருமகள் அந்தக் கட்டிலிலேயே சாய்ந்தாள். ஆறு மாதமாக ஆள் படுத்திருந்த விரிப்பில் சூடே இல்லை.