பிஸ்டன் இறங்கிய பிற்பகல்

வீட்டோரக் கொட்டகையில் மூன்று மணி வெயில் பாதித் தரைவரை வந்து நிற்கிறது. ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் தன் பழைய மோட்டார் சைக்கிளின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். எஞ்சினின் மேல்மூடி கழற்றியாயிற்று. உள்ளே பிஸ்டன் துருவேறி இறுகிக் கிடக்கிறது. ஒன்பது நாளாக டீசல் ஊற்றி ஊறவைத்தும் மசியவில்லை. மனைவி இருந்தவரை இந்த வண்டியைச் “சக்களத்தி” என்றுதான் சொல்வாள்; சொல்லிக்கொண்டே டார்ச் பிடிப்பாள். அவள் இறந்து நான்கு மாதமாகிறது. இப்போது டார்ச்சை அவரே பல்லால் கடித்துக்கொள்கிறார். பிஸ்டன்மேல் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டுகிறார். நான்காவது அடி கட்டைவிரலில் விழுகிறது. உதறிய கை பட்டு டீசல் டப்பா கவிழ்ந்து, எண்ணெய் வாசல்வரை ஓடுகிறது. வந்த கோபத்தில் ஓங்கி ஒரு போடு போடுகிறார். ‘டொக்’. பிஸ்டன் ஒரு விரற்கடை இறங்கிவிடுகிறது. டார்ச் வாயிலிருந்து நழுவி உருள்கிறது.

“ஏய், இங்க வா! அசைஞ்சிடுச்சு பாரு!”

சமையலறையில் பிரிட்ஜ் மட்டும் உறுமுகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தும் பெண்ணின் கை நின்றுவிடுகிறது.

“என்னையா கூப்பிட்டீங்க, அண்ணே?”

அவர் உருண்ட டார்ச்சை எடுத்து அணைக்கிறார். “இல்லம்மா... வண்டி அசைஞ்சிடுச்சு. அதான்.”

“அப்படியா, நல்லது அண்ணே.”

வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போவது கேட்கிறது. அவர் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துகிறார். பிஸ்டன் இறங்குகிறது, ஏறுகிறது. பிறகு, மனைவிக்கும் சேர்த்து, இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கிறார்.