பட்டாணிக்கு வாங்கிய வேலி

வீட்டுக்காரர் பழைய கம்பிவேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதற்குப் பதிலாக வாங்கிய இரண்டு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டைகளை நாய் பட்டாணியின் முன்னால் வைத்தார். “உனக்குப் பிடிச்சதை நீயே எடுத்துக்கோடா.”

“என்னைப் போட்டுக்கோ. எல்லையைத் தாண்டினா சுளீர்னு ஷாக்!” என்றது சிவப்புப் பட்டை.

“அது முரடு. நான் கிச்சுகிச்சு மட்டும்தான் மூட்டுவேன்” என்றது நீலப் பட்டை.

பட்டாணியின் கவலையெல்லாம் இத்தனை நாளும் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்று பேசிய தெருநாய்த் தோழி கறுப்பியைப் பற்றித்தான்.

“வெளியே இருக்கறவங்க உள்ளே வந்தா?”

“வரட்டுமே! அவங்க கழுத்துல நாங்க இல்லையே!”

பட்டாணி நீலத்துக்குள் கழுத்தை நுழைத்துக்கொண்டு, தலைகால் புரியாமல் துள்ளிக் குரைத்தது. கறுப்பி பாய்ந்து வந்தாள். அவள் பின்னாலேயே தெருநாய்கள் பதினொன்றும் இரண்டு ஆடுகளும் வந்தன.

கால்வைக்க இடமில்லாமல் நாற்காலிமேல் ஏறி நின்ற வீட்டுக்காரரின் போன் டிங் என்றது: “உங்கள் நாய் பத்திரமாக வீட்டில் இருக்கிறது.”